பிப்ரவரி ஏன் கறுப்பின வரலாற்று மாதம்? நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த வாத்தியார் கார்ட்டர் உட்சனின் கதை

அமெரிக்கப் பள்ளிகளில் பிப்ரவரி வந்தால் கறுப்பின வரலாற்று மாதம். சுவரில் மார்ட்டின் லூதர் கிங் படம் ஏறும். ரோசா பார்க்ஸ் பற்றி ஒரு கட்டுரைப் போட்டி நடக்கும். கூடவே ஒரு பழைய கிண்டலும் வந்துவிடும்: கறுப்பினத்தவருக்கு ஒரு மாதம் ஒதுக்கச் சொன்னால், இருப்பதிலேயே சின்ன மாதமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்று.

கிண்டல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிப்ரவரியை யாரும் கொடுக்கவில்லை. ஒரு கறுப்பின ஆசிரியர் யோசித்துத் தேர்ந்தெடுத்த மாதம் அது. 1926-ல் அவர் ஆரம்பித்தபோது அது மாதம்கூட இல்லை, ஒரே ஒரு வாரம். அவர் பெயர் கார்ட்டர் ஜி. உட்சன். இருபது வயது வரை நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பிறகு ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

வகுப்பில் நிறம், இனம் பற்றிய பேச்சு வந்தால் ஆசிரியர்கள் தடுமாறுவது இன்றைக்கும் நடக்கிறது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னால் வேலை போகுமா? இந்த மூன்று கேள்வியையும் நூறு வருடத்துக்கு முன்பே கையில் எடுத்தவர் இவர். ஆசிரியர்களுக்கு அறிவுரை சொல்வதோடு நிற்காமல், படம், நாடகம், புத்தகப் பட்டியல் எல்லாம் கட்டி தபாலில் அனுப்பினார் என்பதுதான் இவரிடம் முக்கியம்.

சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலை

1875 டிசம்பர் 19 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் நியூ கான்டன் என்ற சிற்றூரில் உட்சன் பிறந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. அப்பா, அம்மா இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருடத்தில் சில மாதங்கள் மட்டும் நடக்கும் ஒரு சின்னப் பள்ளியில் தாய்மாமன்கள்தான் வாத்தியார்கள். மற்ற மாதங்களில் வயல் வேலை.

கொஞ்சம் வளர்ந்ததும் மேற்கு வர்ஜீனியாவின் ஃபயட் கவுன்டி சுரங்கங்களுக்குப் போனார். உட்சனின் உண்மையான பள்ளிக்கூடம் அங்கேதான் இருந்தது. ஆலிவர் ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சுரங்கத் தொழிலாளி தன் வீட்டில் பழமும் ஐஸ்கிரீமும் விற்றுவந்தார். உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர். வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் அங்கே கூடுவார்கள். ஜோன்ஸுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் வீடு நிறைய கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்களும் செய்தித்தாள்களும் வாங்கி வைத்திருந்தார். படித்துக் காட்ட ஒரு பையன் வேண்டும். உட்சன் படித்தார். கூலி, ஐஸ்கிரீம்.

ஒரு செய்தியை வாசிப்பார். உடனே பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போர்க்களக் கதைகள், அடிமைக் காலத்துக் கதைகள் என்று ஆரம்பிப்பார்கள். இந்தக் கதைகளில் ஒன்றுகூட எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

1895-ல், வயது இருபதை நெருங்கும்போது, ஹன்டிங்டன் நகரின் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டே வருடத்தில் முடித்தார். சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக வைத்திருந்த பள்ளி ஒன்றில் வாத்தியார் ஆனார். பிறகு, தான் படித்த டக்ளஸ் பள்ளிக்கே தலைமை ஆசிரியராகப் போனார். இடையில் விட்டு விட்டு கென்டக்கியின் பெரியா கல்லூரியிலும் படித்தார். கறுப்பு, வெள்ளை மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து படித்த அபூர்வமான கல்லூரி அது. 1903-ல் உட்சன் பட்டம் வாங்கினார். அடுத்த வருடமே, இரண்டு இனத்தவரும் ஒரே கல்லூரியில் படிக்கக் கூடாது என்று கென்டக்கி சட்டம் போட்டது. 1908-ல் உச்ச நீதிமன்றமும் அது சரிதான் என்று சொல்லிவிட்டது. உட்சன் ஒரு வருடம் தாமதித்திருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

ஆப்பிள் மரமா, நாவல் மரமா?

1903 கடைசியில் உட்சன் பிலிப்பைன்ஸுக்குக் கப்பல் ஏறினார். ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா அந்தத் தீவுகளைக் கைப்பற்றி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அங்கே பள்ளிக்கூடம் நடத்த அமெரிக்காவிலிருந்து ஆசிரியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே கண்ட ஒரு விஷயத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை. பெரிய பல்கலைக்கழகங்களில் கல்வியியல் படித்துவிட்டு வந்த அமெரிக்கர்கள் வகுப்பில் திணறினார்கள். அவர்கள் கையில் இருந்தது அமெரிக்கக் குழந்தைகளுக்கான பாடப்புத்தகம், அமெரிக்கப் பாட்டு. ஆப்பிள் மரத்தை உலுக்கச் சொல்லி ஒரு பாட்டு. ஆப்பிளைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் அதை எப்படிப் பாடும்?

இன்ஷூரன்ஸ் தொழிலிலிருந்து வந்த ஒருவர் மட்டும் ஜெயித்தார். கல்வியியல் எதுவும் படிக்காதவர். பாட்டில் ஆப்பிளை எடுத்துவிட்டு அந்த ஊரின் லொம்பாய் மரத்தைப் போட்டார். லொம்பாய் வேறெதுவும் இல்லை, நம்ம ஊர் நாவல் மரம்தான். பிள்ளைகளுக்குப் பட்டென்று புரிந்தது. வரலாறு சொல்லும்போதும் ஜார்ஜ் வாஷிங்டனில் தொடங்கவில்லை. ஸ்பானியர்கள் 1896-ல் சுட்டுக்கொன்ற பிலிப்பைன்ஸ் வீரர் ஹோசே ரிசாலில் தொடங்கினார்.

உட்சனின் கல்விக் கொள்கையே இந்த ஒரு கதைக்குள் அடங்கும் என்று சொல்லலாம். அடுத்தவன் தோட்டத்து மரத்தை வைத்துத்தான் அமெரிக்காவின் கறுப்பினக் குழந்தைகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். சொந்த மண்ணிலேயே.

உங்களுக்கு வரலாறே இல்லையே!

பிலிப்பைன்ஸிலிருந்து ஆசியா, ஐரோப்பா எல்லாம் சுற்றிவிட்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெரியா பட்டத்தை அவர்கள் முழுதாக ஏற்கவில்லை. எனவே இளநிலையை இன்னொரு முறை படித்து, முதுநிலையையும் சேர்த்து 1908-ல் முடித்தார். அடுத்தது ஹார்வர்டு. 1912-ல் டாக்டர் பட்டம். அங்கே அந்தப் பட்டம் வாங்கிய இரண்டாவது கறுப்பினத்தவர் அவர்; முதல்வர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கியவர் இவர் ஒருவர்தான் என்பார்கள். ஆய்வேட்டை முடித்த காலத்தில் அவர் வாஷிங்டனில் ஒரு பள்ளியில் முழுநேர ஆசிரியர் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹார்வர்டில் அவருடைய பேராசிரியர் ஒருவர், கறுப்பினத்தவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வரலாறே கிடையாது என்று நினைத்தவர். அவர் தனி ஆள் இல்லை. அன்றைய கல்வியுலகின் பொதுக்கருத்தே அதுதான். பாடப்புத்தகங்களில் ஆப்பிரிக்கா இருண்ட கண்டம். அடிமை முறை ஏதோ கண்டிப்பான குடும்பம் மாதிரி. ஹார்வர்டின் சாமுவேல் மோரிசனும் ஹென்றி காமேஜரும் 1930-ல் எழுதிய பிரபலமான பாடநூல், கறுப்பின அடிமையை ஒரு இழிவான பட்டப்பெயரால் குறிப்பிட்டு, அடிமை முறையால் தெற்கில் மற்ற எல்லோரையும்விட அவன்தான் குறைவாகக் கஷ்டப்பட்டிருப்பான் என்கிற தொனியில் பேசியது. இதைக் கல்லூரிகளில் பல வருடம் படித்தார்கள்.

இந்த மாதிரிப் புத்தகத்தைத்தான் ஒரு கறுப்பின ஆசிரியை, கறுப்பினப் பிள்ளைகள் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். நினைத்துப் பாருங்கள்.

தன் இன்ஷூரன்ஸை அடமானம் வைத்த இதழ்

1915-ல், கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலைக் கதாநாயகர்களாகக் காட்டிய ஒரு நாட்டின் பிறப்பு என்ற படம் அமெரிக்கா முழுக்க ஓடியது. வெள்ளை மாளிகையிலேயே திரையிட்டார்கள். அதே வருடம் செப்டம்பர் 9 அன்று, சிகாகோவில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் ஒன்றில் உட்சன் சில நண்பர்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். நீக்ரோ வாழ்வு, வரலாறு பற்றிய ஆய்வுக்கான சங்கம் என்று பெயர். நீக்ரோ என்ற சொல் இன்றைக்கு வசையாகக் கேட்கிறது. அன்றைக்கு கறுப்பினத் தலைவர்களே மரியாதையோடு பயன்படுத்திய சொல் அது.

1916 ஜனவரியில் சங்கத்தின் ஆய்விதழ் வெளிவந்தது. அச்சுச் செலவு சுமார் 400 டாலர். சங்கத்தில் பணம் இல்லை. உட்சன் தன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கிக் கட்டினார். முன்கூட்டியே எல்லோரிடமும் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள், அதனால் கேட்கவில்லை. மனுஷன் குணமே அப்படித்தான்.

அந்தக் குணம் அவருக்கு வேலையும் வைத்தது. 1919-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவராகச் சேர்ந்தவர், பல்கலைக்கழகத் தலைவரோடு மோதி ஒரே வருடத்தில் வெளியே வந்தார். மேற்கு வர்ஜீனியாவில் இன்னொரு கல்லூரியில் இரண்டு வருடம். 1922-க்குப் பிறகு அவர் யாரிடமும் சம்பளத்துக்கு நிற்கவில்லை. வாஷிங்டனில் ஒன்பதாவது தெருவில் மூன்று மாடி வீடு ஒன்றை வாங்கினார். கீழே அலுவலகமும் புத்தகக் கட்டுகளும், மேலே அவர் படுக்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைப் பதிப்பகங்கள் இந்த விஷயத்தைத் தொடத் தயங்கியதால் சொந்தமாகவே ஒரு பதிப்பகம் வைத்திருந்தார். நம் வரலாற்றில் நீக்ரோ என்ற அவருடைய பாடநூல் 1922-ல் வந்தது.

பின்னாளில் பெரிய கவிஞராகப் பெயரெடுத்த லாங்ஸ்டன் ஹியூஸ் இங்கே கொஞ்ச நாள் உதவியாளர். 1830-ல் அமெரிக்காவில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பத் தலைவர்களின் பட்டியல், கிட்டத்தட்ட 30,000 பெயர். அதை அகர வரிசையில் அடுக்குவது ஹியூஸின் வேலை. ஒருமுறை உட்சன் ஊருக்குப் போயிருந்தபோது ஊழியர்கள் சீட்டாடிக்கொண்டிருக்க, அவர் சொன்ன நாளுக்கு முன்பே திரும்பி வந்து நின்றார். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. மேலே கூப்பிட்டு உட்காரவைத்து, வரலாற்றுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை பற்றி நீளமாக ஒரு வகுப்பு எடுத்தாராம். வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம் என்று சிலருக்குத் தோன்றியிருக்கும்! கண் வலி தாங்காமல் ஹியூஸ் ஒரு ஹோட்டலில் தட்டு எடுக்கும் வேலைக்குப் போய்விட்டார்.

வாரம் எதற்கு?

ஆய்விதழ் பேராசிரியர்களுக்கு. வகுப்பறைக்கு என்ன வழி? அதற்குத்தான் 1926 பிப்ரவரியில் முதல் நீக்ரோ வரலாற்று வாரம்.

பிப்ரவரி 12 ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாள். 14, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் கொண்டாடிவந்த பிறந்தநாள். கொண்டாடிவந்த என்று சொல்லக் காரணம் இருக்கிறது: அடிமைகளின் பிறந்த தேதியை யாரும் அவர்களுக்குச் சொல்லிவைப்பதில்லை. டக்ளஸே தனக்கு ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். இந்த இரண்டு நாளையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே ஊர் ஊராகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒரு பண்டிகையைப் பிடிக்கவைப்பதைவிட, இருக்கிற பண்டிகையில் பாடத்தைச் சேர்ப்பது சுலபம் என்று உட்சனுக்குத் தெரியும்.

முதல் வருடமே வட கரோலினா, டெலவேர், மேற்கு வர்ஜீனியா மாநிலக் கல்வித் துறைகளும், பால்டிமோர், வாஷிங்டன் நகரப் பள்ளி நிர்வாகங்களும் ஒத்துழைத்தன. அவற்றின் மூலம் செய்தி ஆசிரியர்களிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்தடுத்த வருடங்களில் சங்கம் அனுப்பிய கட்டில் சுவரொட்டி அளவுப் படங்கள், முக்கியத் தேதிகளின் அட்டவணை, பிள்ளைகள் நடிக்கச் சின்ன நாடகங்கள், படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் எல்லாம் இருந்தன. திங்கட்கிழமை காலை வகுப்புக்குப் போகும் ஆசிரியைக்கு என்ன தேவை என்று தெரிந்தவர் கட்டிய கட்டு.

சரி, ஆசிரியர்களிடம் அவர் என்னதான் எதிர்பார்த்தார்? கறுப்பினப் பெருமைகளைத் தனியாக ஒரு தட்டில் வைத்துக் காட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. நாட்டின் வரலாற்றுக்குள்ளேயே கறுப்பினத்தவர் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று காட்ட வேண்டும். பருத்தி பற்றிப் பாடம் நடத்தினால் அதைப் பறித்த கைகளும் அந்தப் பாடத்திலேயே வர வேண்டும். வெள்ளைப் பிள்ளைகளுக்கும் இது வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கும்பல் கூடி ஒரு மனிதனை மரத்தில் தொங்கவிடும் கொடுமை தெருவில் தொடங்குவதில்லை, அவன் மனிதனே இல்லை என்று சொல்லித்தரும் வகுப்பில்தான் தொடங்குகிறது என்பது அவருடைய வாதம்.

இன்னொன்று, ஆதாரம். வீட்டுப் பரணில் கிடக்கும் கடிதம், பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிவைத்த குடும்பப் பெயர்கள், பழைய ரசீது, எதையும் தூக்கிப்போடாதீர்கள், அனுப்பிவையுங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். வந்து சேர்ந்ததில் ஒரு பெரிய பகுதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போனது. ஆலிவர் ஜோன்ஸ் வீட்டில் கேட்ட கதைகள் இனியும் காற்றோடு போகக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

வாரம் பிரபலமானதும் கூடவே வந்த தொல்லை அவருக்கு எரிச்சலைக் கொடுத்தது. பிப்ரவரி வந்தால் மேடை ஏறிவிடும் அரைகுறைப் பேச்சாளர்களை அழைக்காதீர்கள் என்று பள்ளிகளுக்கு எச்சரிக்கை எழுதினார். வருடம் ஒருமுறை கைதட்டிவிட்டு மறந்துபோக அவர் இதை ஆரம்பிக்கவில்லை. வருடம் முழுக்க நடக்கும் பாடத்தின் விளைச்சலைக் காட்டும் நாட்களாகத்தான் அந்த வாரத்தை அவர் பார்த்தார். இன்றைய பிப்ரவரி கட்டுரைப் போட்டிகளைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

மடியில் ஒரு புத்தகம்

இதையெல்லாம் வகுப்பில் சொன்ன ஆசிரியர்களுக்கு என்ன நடந்தது? 1920-களின் நடுவில், ஓக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகி நகரில், கூ க்ளக்ஸ் க்ளான் செல்வாக்கில் இருந்த பள்ளி வாரியம் உட்சனின் பாடநூலுக்குத் தடை போட்டது. அதை அனுமதித்த கறுப்பினத் தலைமை ஆசிரியர் பதவி விலக வேண்டியதாயிற்று. தெற்கில் கறுப்பினப் பள்ளிகளின் மேல் அதிகாரம் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளிடம் இருந்தது. சம்பளமும் அவர்கள் கையில்.

அதனால் ஆசிரியர்கள் வேறு வழி கண்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் லூசியானாவில் ஒரு இளம் ஆசிரியை. மேஜை மேல் அரசு கொடுத்த பாடத்திட்டம் விரிந்திருக்கும். மடியில் உட்சனின் புத்தகம். மடியைப் பார்த்து வாசிப்பார். பள்ளித் தலைவர் வாசலில் தெரிந்தால் கண் மேஜைக்கு ஏறும், பாடம் சாதாரணமாகத் தொடரும். அவர் போனதும் கண் மறுபடியும் மடிக்கு இறங்கும். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவர் வளர்ந்த பிறகு இதை நினைவுகூர்ந்ததால்தான் நமக்கே தெரிகிறது. பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வெளியே மூச்சு விடவில்லை.

தவறான கல்வி

1933-ல் உட்சனின் மிகப் பிரபலமான புத்தகம் வந்தது: நீக்ரோவின் தவறான கல்வி. இதில் அவர் திட்டுவது வெள்ளையர்களை மட்டும் இல்லை. படித்து முன்னேறிய கறுப்பினத்தவரைத்தான் அதிகம் போட்டுத் தாக்குகிறார். தன்னைத் தாழ்ந்தவன் என்று ஒருவனை நம்பவைத்துவிட்டால் போதும், அதன் பிறகு அவனை யாரும் அடக்கத் தேவையில்லை, அவனே ஒதுங்கிக்கொள்வான். பள்ளிக்கூடம் செய்வது இதைத்தான் என்கிறார். பட்டம் வாங்கியவர்கள் தங்கள் மக்களிடமிருந்து விலகிப்போவதை ஆத்திரத்தோடு எழுதுகிறார். சில இடங்களில் மிகைப்படுத்தல்தான். எத்தனையோ கறுப்பின ஆசிரியர்கள் அவருடைய புத்தகத்தையே உயிரைப் பணயம் வைத்து நடத்திக்கொண்டிருந்தார்களே! ஆனால் நாவல் மரக் கதையை அவர் சொல்வது இந்தப் புத்தகத்தில்தான், அந்த ஒரு பகுதிக்காகவே ஆசிரியர்கள் இதைப் புரட்டலாம்.

இதே காலத்தில் பணமும் வற்றியது. 1920-களில் கார்னகி, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகள் கொடுத்துவந்த நிதி நின்றது. யாருடைய மேற்பார்வையையும் ஏற்காத அவருடைய பிடிவாதமும் இதற்கு ஒரு காரணம். அதன் பிறகு சங்கத்தைத் தாங்கியது சாதாரண ஆசிரியர்களும் தேவாலயங்களும் அனுப்பிய சில்லறைப் பணம். 1936-ல் சங்கத்தின் தலைவரான கல்வியாளர் மேரி மக்லியாட் பெத்யூன், பள்ளி ஆசிரியர்களுக்கென்று எளிமையான ஒரு இதழ் வேண்டும் என்று வற்புறுத்த, 1937-ல் நீக்ரோ ஹிஸ்டரி புல்லட்டின் தொடங்கியது. வருடத்துக்கு ஒரு வாரம் போதாது என்று சொல்லிவந்தவருக்கு மாதாமாதம் வகுப்பறைக்குள் போக வழி கிடைத்தது.

1950 ஏப்ரல் 3 அன்று ஒன்பதாவது தெரு வீட்டிலேயே உட்சன் இறந்தார். வயது 74. பல தொகுதிகளாகத் திட்டமிட்டிருந்த ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் பாதியில் நின்றுபோனது. அந்த வீடு இப்போது தேசிய வரலாற்றுச் சின்னம்.

அவருடைய வாரத்தை மாதமாக்கியது மாணவர்கள். ஒஹையோவின் கென்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் 1970 பிப்ரவரியை முழுதாகக் கொண்டாடினார்கள். 1976-ல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு அதை நாடளவில் அங்கீகரித்தார்.

ஆசிரியர்களின் அந்த மூன்றாவது கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. ஃபுளோரிடாவில் பள்ளிகள் கறுப்பின வரலாற்றைக் கட்டாயம் நடத்த வேண்டும் என்று 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. அதே ஃபுளோரிடா 2022-ல், இனம் பற்றி வகுப்பில் எதையெல்லாம் எப்படிச் சொல்லக் கூடாது என்று இன்னொரு சட்டம் போட்டது. 2023 ஜனவரியில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான ஆப்பிரிக்க அமெரிக்கவியல் பாடத்திட்டம் ஒன்றை ஏற்க மறுத்தது. அங்கே வரலாறு நடத்தும் ஒரு ஆசிரியர் இப்போது இந்த இரண்டு சட்டத்தையும் மேஜையில் வைத்துக்கொண்டுதான் பாடத்தைத் தொடங்குகிறார்.